வைத்தியத்துக்கு முன்னால் குழாயைப் பாருங்கள்!

"மாசத்துக்கு ஒரு தடவை வீட்ல யாராவது ஒருத்தர் வயித்தப் பிடிச்சுக்கிட்டுப் படுத்துடறோம் டாக்டர். சூரணம் ஏதாவது குடுங்க" என்று குடும்பத்தோடு வந்து உட்காருகிறவர்கள் உண்டு. நாடி பார்க்கக் கை நீட்டுவார்கள். நானோ, "உங்க வீட்டு சம்ப் எங்கே இருக்கு? சாக்கடைக் குழாய் அதுக்கு எத்தனை அடி தள்ளிப் போகுது?" என்று கேட்பேன். 'இவர் வைத்தியரா, பிளம்பரா?' என்கிற மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக் கொள்வார்கள்.

ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மாறி மாறி ஒரே தொந்தரவு வருகிறது என்றால், கோளாறு மூன்று உடம்பிலும் தனித்தனியாக இருக்க வாய்ப்புக் குறைவு. மூன்று பேருக்கும் பொதுவான ஒன்றில்தான் தேட வேண்டும். அதில் முதலில் நிற்பது தண்ணீர்.

சித்த மருத்துவத்தில் நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டு வகைத் தேர்வு சொல்வோம். உள்ளே இருக்கும் நோயை வெளியே தெரியும் குறிகளால் கண்டுபிடிப்பது. வீட்டுக் குழாய்களும் அப்படித்தான். சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் ஒளிந்திருந்தாலும், அவை காட்டும் குறிகளை உங்கள் மூக்கும் காதும் கண்ணும் கையுமே பிடித்து விடும். ஸ்பானர் பிடிக்கத் தெரிய வேண்டும் என்பதில்லை.

மூக்கு சொல்லும் சேதி

குளியலறைக் கதவைத் திறந்ததும் குப்பென்று சாக்கடை வாடை. உடனே ஃபினாயில் வாங்கி ஊற்றுகிறோம், வாசனை உருண்டை தொங்க விடுகிறோம். இரண்டு நாளில் வாடை மறுபடியும் வந்து நிற்கிறது!

வாஷ்பேசினுக்கு அடியில் குனிந்து பாருங்கள். குழாய் நேராகக் கீழே போகாமல், 'ப' எழுத்து மாதிரி வளைந்து போகும். அந்த வளைவில் சுமார் இரண்டு அங்குல உயரத்துக்கு எப்போதும் தண்ணீர் நிற்கும். வீட்டுக் காற்றுக்கும் சாக்கடைக் காற்றுக்கும் நடுவே இருக்கிற கதவு இந்தத் தண்ணீர்தான். இதை 'டிராப்' என்பார்கள். 1775-இல் லண்டனில் அலெக்ஸாண்டர் கம்மிங் என்ற கடிகாரம் செய்பவர், கழிப்பறைக்கு இப்படி ஒரு வளைந்த குழாயை வைத்துக் காப்புரிமை வாங்கினார். குளியலறைத் தரையில், சல்லடைக்கு அடியில் இருப்பது 'நஹானி டிராப்'. அதற்கும் இதே வேலைதான்.

விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கிற குளியலறையில் இந்தத் தண்ணீர் சில வாரங்களில் காய்ந்து போகும். கதவு திறந்து விட்டது! வாடை வரும், கரப்பான் வரும், கொசு வரும். சில வீடுகளில் வேறு ஒரு கூத்து நடக்கும். பழைய மாதிரி நஹானி டிராப்பில் உள்ளே கிண்ணம் ஒன்று கவிழ்ந்திருக்கும். முடி அடைத்துக் கொள்கிறது, தண்ணீர் மெதுவாகப் போகிறது என்று அதைக் கழற்றித் தூர எறிந்து விடுவார்கள். தண்ணீர் வேகமாகப் போகும்தான். சாக்கடைக் காற்றும் அதே வேகத்தில் மேலே வரும். கிண்ணத்தைக் கழுவி, இருந்த இடத்திலேயே வைக்க வேண்டும்.

வெறும் வாடைதானே என்று நினைக்காதீர்கள். ஹாங்காங்கில் அமோய் கார்டன்ஸ் என்று ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. 2003 மார்ச்சில் சார்ஸ் காய்ச்சல் அங்கே பரவியபோது 300-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். 42 பேர் இறந்தார்கள். விசாரித்தபோது தெரிந்த காரணங்களில் முக்கியமானது, குளியலறைத் தரையில் இருந்த டிராப்கள் காய்ந்து கிடந்தது. தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் துடைத்தே பழகிய வீடுகள். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதும், நோயாளியின் கழிவு போன குழாயிலிருந்து நுண்ணிய திவலைகள் மற்ற வீடுகளுக்குள் இழுக்கப்பட்டிருக்கின்றன. எதிர் வீட்டுக்காரர் முகத்தைக்கூடப் பார்க்காதவர்களுக்கு, குழாய் வழியாக நோய் வந்திருக்கிறது.

இத்தனைக்கும் மருந்து ஒரு குவளைத் தண்ணீர்! புழங்காத குளியலறை, பால்கனி, வாஷிங் மெஷின் மூலை என்று எங்கெல்லாம் தரைச் சல்லடை இருக்கிறதோ, அங்கெல்லாம் வாரம் ஒரு முறை ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்களா? தண்ணீர் ஊற்றிய பிறகு மேலே இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டு விட்டுப் போங்கள். எண்ணெய் மிதந்து, தண்ணீர் ஆவியாகாமல் பார்த்துக் கொள்ளும்.

தண்ணீர் ஊற்றியும் வாடை போகவில்லை, மாடி வீட்டில் ஃப்ளஷ் செய்யும்போது உங்கள் வீட்டில் 'குபுக் குபுக்' என்று சத்தம் கேட்கிறது என்றால், கோளாறு காற்றுக் குழாயில் இருக்கிறது. மொட்டை மாடியில் தொப்பி போட்டு நிற்கிறதே, அதுதான். "நாத்தம் வருது" என்று அதன் வாயைத் துணியால் அடைத்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அடைத்தால் ஃப்ளஷ் தண்ணீர் போகிற வேகம், கீழ் வீட்டு டிராப்பில் இருக்கும் தண்ணீரையும் உறிஞ்சிக் கொண்டு போய்விடும். கொசுவலைத் துண்டு கட்டலாம். அடைக்கக் கூடாது.

காமாலைக்கு முன்னால் வந்த தண்ணீர்

"தண்ணி நல்லாத்தான் சார் இருக்கு. கண்ணாடி மாதிரி இருக்கு" என்பார்கள், காமாலையோடு வந்தவர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. டைபாய்டு கிருமி உடம்பில் புகுந்து காய்ச்சலாக வெளிப்படப் பொதுவாக ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். ஹெபடைட்டிஸ் ஏ காமாலைக்கு ஏறத்தாழ நான்கு வாரம். ஹெபடைட்டிஸ் இ என்றால் இரண்டு முதல் பத்து வாரம் வரைகூடப் போகும். ஆகவே கண் மஞ்சளான இன்றைக்குக் குழாயைத் திறந்து பார்த்துப் பயனில்லை. "போன மாசம் எப்பவாவது தண்ணி கலங்கலா, வாடையா வந்துச்சா?" என்று யோசிக்க வேண்டும். பெரும்பாலும் வீட்டு அம்மாதான் நினைவுபடுத்திச் சொல்வார், "ஆமாம், தெருவில் பள்ளம் தோண்டினாங்களே அந்த வாரம்…" என்று.

எப்படிக் கலக்கிறது? நம் ஊர்களில் குடிநீர் நாள் முழுக்க வருவதில்லை. சில மணி நேரம் வரும், நின்று விடும். நின்ற பிறகு தெருக்குழாயில் அழுத்தம் இருக்காது. இணைப்பில் சின்ன விரிசல் இருந்தால் போதும், பக்கத்தில் தேங்கி நிற்கும் சாக்கடை நீர் உள்ளே நுழையும். மறுபடி சப்ளை வரும்போது முதலில் நம் வீட்டுக்கு வந்து சேருவது அதுதான். ஆகவே தண்ணீர் விட்டதும் முதல் இரண்டு மூன்று பக்கெட்டைத் தனியாகப் பிடித்துக் கழிப்பறைக்கு வைத்துக் கொள்ளுங்கள். பிறகு வருவதைச் சம்ப்புக்கு விடுங்கள்.

இதைவிடப் பெரிய பாவம், தெருக்குழாய் இணைப்பிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சுவது. பல ஊர்களில் இதற்குத் தடை இருக்கிறது. இருந்தும் இருட்டில் நடக்கிறது. மோட்டார் தண்ணீரை மட்டுமா இழுக்கும்? விரிசலுக்கு வெளியே இருக்கிற அசுத்தத்தையும் சேர்த்து இழுக்கும். உங்கள் வீட்டுக்கு மட்டுமில்லை, அந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கும் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் சேர்த்து.

உங்கள் சம்ப்பையும் ஒரு தடவை சோதியுங்கள். இரவு படுக்கப் போகும் முன், மோட்டாரும் வரத்தும் நின்றிருக்கும்போது, தண்ணீர் மட்டத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் தொட்டி கசிகிறது. மழைக்காலத்தில் மட்டம் தானாகவே ஏறியிருந்தால்? சந்தோஷப்படாதீர்கள்! நிலத்தடி நீரோ சாக்கடையோ உள்ளே வருகிறது என்று அர்த்தம். வெளியே விடுகிற விரிசல் உள்ளேயும் விடும். சம்ப் மூடி தரையோடு தரையாக இல்லாமல், மழைநீர் வழிந்து இறங்க முடியாதபடி சற்று உயர்ந்து இருப்பது அவசியம்.

கலந்து விட்டது என்று சந்தேகம் வந்தால் சம்ப், மாடித் தொட்டி இரண்டையும் காலி செய்து, பக்கங்களைத் தேய்த்துக் கழுவுங்கள். புதுத் தண்ணீர் நிரப்பி, 1,000 லிட்டருக்குச் சுமார் 4 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில், பக்கெட் தண்ணீரில் கரைத்துத் தெளிய விட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். குடிக்கிற தண்ணீரை அப்புறமும் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். 1955 கடைசியில் டெல்லியில், நகரத்தின் கழிவுநீர் யமுனையிலிருந்து குடிநீர் எடுக்கும் இடத்தில் கலந்து விட்டது. நீர் நிலையத்தில் குளோரினைக் கூட்டித்தான் போட்டார்கள். அப்படியும் சுமார் 29 ஆயிரம் பேருக்குக் காமாலை வந்தது. அது ஹெபடைட்டிஸ் இ என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. கழிவு கலந்த தண்ணீரைக் குளோரின் மட்டும் முழுக்கக் காப்பாற்றி விடாது.

தேற்றான் கொட்டையை உரைத்துப் போட்டால் போதாதா என்று என்னிடமே கேட்கிறார்கள். தேற்றான் கொட்டை கலங்கலைத் தெளிய வைக்கும், அதில் அதை மிஞ்ச முடியாது. ஆனால் கிருமியை அது போக்கும் என்று நம்பி சாக்கடை கலந்த தண்ணீரைக் குடிக்காதீர்கள். சீரகத் தண்ணீரின் பாதுகாப்பும் பெரும்பாதி அது கொதித்ததால் வருவதுதான். கீழாநெல்லி கேட்டு வருகிறவர்களுக்கும் நான் சொல்வது: முதலில் ரத்தப் பரிசோதனை, அப்புறம் சம்ப், அப்புறம்தான் கீழாநெல்லி. வீட்டில் கர்ப்பிணி இருந்து அவருக்குக் காமாலைக் குறி தெரிந்தால் ஒரு நாள்கூட வீட்டு வைத்தியம் வேண்டாம். ஹெபடைட்டிஸ் இ கடைசி மூன்று மாதங்களில் தாய்க்கு உயிராபத்தாக முடியலாம். நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சுவரில் ஓதம், குழாயில் ஷாக்

குழந்தைக்கு இரவானால் இழுப்பு. ஆடாதோடையும் கொடுக்கிறோம், இன்ஹேலரும் கொடுக்கிறார்கள், நிற்கவில்லை. கட்டில் போட்டிருக்கிற சுவருக்குப் பின்பக்கம் குளியலறை இருக்கிறதா என்று பாருங்கள். ஓதம் ஏறி, பூஞ்சணம் பூத்த சுவர், ஆஸ்துமா இருக்கிறவர்களுக்கு ஆகாது. அதன் மேல் புது பெயிண்ட் அடிப்பது புண்ணின் மேல் பவுடர் போடுகிற மாதிரி.

கசிவு எங்கிருந்து என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி. ஈரத் திட்டின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து தேதி எழுதி வையுங்கள். நாலைந்து நாள் அந்தக் குளியலறையைப் பயன்படுத்தாதீர்கள். தண்ணீர் வரத்தை மட்டும் அடைக்க வேண்டாம். திட்டு சுருங்கினால், கசிவது தரை டைல்ஸ் இடுக்கோ கழிவுக் குழாயோ. சுருங்காமல் பரவினால், சுவருக்குள் எப்போதும் தண்ணீர் நிற்கிற வரத்துக் குழாய்தான். இதைச் சொல்லி விட்டால் பிளம்பர் சுவர் முழுக்க உடைக்க வேண்டியதில்லை, உங்கள் காசும் மிச்சம்.

இன்னொன்று, குறியாக இருக்கும்போதே பிடிக்க வேண்டியது. ஹீட்டர் போட்டதும் குழாயைத் தொட்டால் 'சுருக்'கென்கிறது. "அது பழகிடுச்சு டாக்டர், ரப்பர் செருப்புப் போட்டுக்கிட்டுத்தான் குளிப்போம்" என்று ஒருவர் சிரித்துக் கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஈர உடம்போடு இருக்கும்போது அது எச்சரிக்கை கொடுத்து விட்டு வராது. இது பிளம்பர் வேலை இல்லை. ஹீட்டர் சுவிட்சை அணைத்து, மெயினையும் அணைத்து, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா, ஹீட்டரின் காயில் பழுதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கசிவு மின்சாரத்தில் தானாகவே அணைந்து கொள்ளும் ஆர்.சி.சி.பி. என்ற சாதனம் இல்லாத வீடாக இருந்தால் முதலில் அதை மாட்டுங்கள். 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்க வேண்டும்.

அடைத்துக் கொண்டால்…

ஒரு சிங்க் மட்டும் மெதுவாகப் போனால் அடைப்பு அங்கேயே, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வீட்டில் எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் தேங்கினால், வெளியே சேம்பரிலோ செப்டிக் டேங்கிலோ. இந்த வித்தியாசம் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

சமையலறை சிங்க்கை அடைப்பது பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கும் சோற்றுப் பருக்கையும்தான். அப்பளம் பொரித்த சட்டியைக் கழுவும் முன் பழைய பேப்பரால் துடைத்து விட்டால் இந்தத் தொந்தரவில் பெரும்பகுதி கிடையாது. அடைத்து விட்டதா? அடியில் இருக்கும் பாட்டில் டிராப்பின் கீழ்மூடியை, பக்கெட் வைத்துக் கொண்டு, கையாலேயே திருகிக் கழற்றலாம். உள்ளே இருப்பதைப் பார்த்தால் ஒரு வேளை சாப்பாடு இறங்காது. கழுவி மாட்டி விடுங்கள். அதற்கும் போகவில்லை என்றால் ரப்பர் பம்பு. கொதிக்கிற தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள், பி.வி.சி. குழாய் இளகும். கை பொறுக்கும் சூடு போதும்.

ஆசிட் விஷயத்துக்கு வருகிறேன். கழிப்பறையில் முதலில் ஆசிட் ஊற்றி, போகாத கறைக்கு மேலே பிளீச்சிங் பவுடர் தூவுகிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தயவு செய்து செய்யாதீர்கள்! இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய சின்ன அறையில், குனிந்து தேய்த்துக் கொண்டிருக்கிறவரின் நுரையீரலைத்தான் அது முதலில் தாக்கும். வேலைக்கு வருகிற அம்மாவிடம் இரண்டு பாட்டிலையும் சேர்த்துக் கொடுத்து விட்டு நாம் ஹாலில் உட்கார்ந்திருப்போம். அவருக்கும் சொல்லி வையுங்கள். நெடி அடித்து இருமல் வந்தால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். மூச்சு திணறினால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.

செப்டிக் டேங்க் நிறைந்து விட்டால் லாரியைக் கூப்பிடுங்கள். "ஆயிரம் ரூபா குடுத்தா ஆள் இறங்கிடுவான் சார்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு வாயு தேங்கி நிற்கும். முதலில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு கூடினால் மூக்கே மரத்து, வாடை தெரியாமல் போய்விடும். 'வாடை இல்லையே' என்று இறங்கியவர் மயங்குவார், தூக்க இறங்குகிறவரும் மயங்குவார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் பலியாவது இப்படித்தான். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்படி ஆளை இறக்குவது குற்றம். அந்தக் குற்றம் கூலி பேசிய வீட்டுக்காரரையும் சேரும்.

சொட்டும் சத்தம்

மாடித் தொட்டி மூடி பொருந்தியிருக்கிறதா, வழிகிற குழாய் வாயில் வலை இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை ஏறிப் பாருங்கள். டெங்கு கொசுவுக்கு முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். அதன் முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டிக் கொண்டு, காய்ந்தாலும் பல மாதம் பிழைத்திருக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, பக்கங்களைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இரவில் வீடு அடங்கிய பிறகு இரண்டு நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட்டிலிருந்து 'ஸ்ஸ்' என்று மெல்லிய சத்தம் வந்தால், ஃப்ளஷ் டேங்க்கில் கொஞ்சம் பீட்ரூட் சாற்றை ஊற்றி, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கீழே பேசினில் சிவப்பு இறங்கியிருந்தால் உள்ளே ரப்பர் மூடி தேய்ந்து விட்டது. சொட்டுகிற குழாய்க்கு அடியில் ஒரு லிட்டர் பாத்திரம் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் நிறைந்தால், நாளைக்கு 24 லிட்டர், வருஷத்துக்கு 8,760 லிட்டர்! லாரித் தண்ணீர் வாங்குகிறவர்களுக்கு நான் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பழைய மாதிரித் திருகு குழாய் என்றால் தேய்ந்தது வாஷராகத்தான் இருக்கும். கேட் வால்வை மூடி, குழாயைத் திறந்து இருக்கிற தண்ணீரை வடிய விட்டு, ஸ்க்ரூ விழுந்து தொலையாமல் வாஷ்பேசின் ஓட்டையில் துணியை அடைத்துக் கொண்டு, தலையைக் கழற்றுங்கள். பழைய வாஷரைக் கடைக்கு எடுத்துப் போய் அதே அளவில் வாங்கி மாட்டுங்கள். கால் வட்டம் திருப்பினாலே திறக்கிற புது மாதிரிக் குழாயில் வாஷருக்குப் பதில் கார்ட்ரிட்ஜ் இருக்கும், அதை முழுசாக மாற்ற வேண்டும்.

அந்தக் கேட் வால்வு எங்கே இருக்கிறது என்று இப்போதே போய்ப் பாருங்கள். வருஷக் கணக்கில் தொடாமல் விட்டிருந்தால் இறுகிப் போயிருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மூடித் திறந்து வையுங்கள். எது சமையலறைக்கு, எது குளியலறைக்கு என்று பெயிண்டால் எழுதி, வீட்டில் இருக்கிற பாட்டிக்கும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் காட்டி வையுங்கள். குழாய் உடைகிற அன்றைக்கு வீட்டில் இருக்கப் போவது அவர்களாகத்தான் இருக்கும்.